ஆழத்துக் கல்

மாதாவே துணை

கொஸ்லந்த, மேல் டிவிசன்
17.03.2002

அன்புத் தம்பி றொனிக்கு,

அக்கா செபஸ்தியம்மா எழுதுகிறேன். நானும் உன் மச்சானும் பிள்ளை சஜீவனியும் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் நெஞ்சுச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று மாதாவை மன்றாடுகிறேன். நீ அனுப்பிய படம் கிடைத்தது. முகத்தை முழுக்க மூடிக்கொண்டு ஒரு கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாய். சஜீவனிதான் உன் காதைப் பார்த்து, "இது மாமாதாம்மா" என்று கண்டுபிடித்தாள்.

இங்கே தேயிலை அரைக்கிற ஸ்டோரை மூடிவிட்டார்கள். இனிக் கொழுந்தை வேறு தோட்டத்துக்கு லொறியில் ஏற்றி அனுப்புவார்களாம். உன் மச்சான் அங்கே தூள் காய வைக்கிற இடத்தில் இத்தனை வருஷம் நின்றவர். இப்போது விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகிறார், பேர் போடாமல் திருப்பி அனுப்புகிறார்கள், வந்து வாசல் இஸ்தோப்பில் குந்திவிடுகிறார். எனக்கும் வாரத்தில் பாதி நாள்தான் மலையில் வேலை. இதையெல்லாம் நீ கேட்டுக் கவலைப்படுவாய் என்று இதுவரை எழுதவில்லை. இப்போது நல்ல சேதி ஒன்று வந்திருப்பதால் சேர்த்து எழுதுகிறேன்.

முந்தின நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது, பழைய பங்களா மேட்டில் சின்னப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுகிற காக்காப்பொன்னில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனாய் அல்லவா? உன் கம்பெனி அதை விசாரித்துக் கொழும்பில் ஒரு முதலாளிக்கு எழுதியிருக்கிறது. அவர் அந்த மேட்டைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார். வேலையைப் பார்க்கக் குமாரசிங்கம் ஐயா என்று ஒருவரை வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்து ஆள், பதுளைக் கச்சேரியில் அரசாங்க வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவர். அதட்டிப் பேசத் தெரியாத மனுஷன். நம் லயத்து வீடுகளின் ஆம்பிளைகள் குழி வெட்டுகிறார்கள். எங்களைப் போல பொம்பிளைகளுக்குக் கொட்டகைக்குள் வேலை. கல் தேன் நிறத்தில் இருக்கிறது, சின்னக் கத்தியை விட்டால் ஏடு ஏடாக உரிகிறது. பந்தாரவளை மொஹிதீன் நானா லொறியில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறார். வடக்கில் சண்டை நின்றதிலிருந்து வழியில் இறக்கிச் சோதிக்கிற தொல்லையும் இல்லையாம்.

உன் மச்சான் முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட்டார். "மச்சினன் காட்டின வேல, நான்தான் மொதல்ல எறங்கணும்" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து வெகு நாளாகிறது. எனக்குத்தான் மனசில் ஒரு பயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த மண் எப்படி இளகும் என்று உனக்கும் தெரியும். ஐயாவிடம் கேட்டேன். மழைக்கு முந்தி மரம் முட்டுக் கொடுத்துக் குழியைக் கட்டிவிடலாம் என்றார்.

இன்னொன்று. நீ அங்கே என்ன வேலை செய்கிறாய் என்று லயத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். விமானத்துக்கு நெருப்பு வைத்துப் பார்க்கிற வேலை என்று சொன்னேன். பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற மூக்காயி, "அடி ஆத்தி, நெருப்பு வைக்கவா கடல் தாண்டிப் போனான்?" என்று வாயில் கை வைத்துவிட்டாள். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்கு விளங்குகிற மாதிரி எழுது.

சாப்பாட்டை விடாதே. பூசைக்குப் போ.

உன் நல்வாழ்வையே கேட்டுக்கொண்டிருக்கும்
அக்கா செபஸ்தியம்மா


இங்கிலாந்து
09.05.2002

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்துவிட்டேன். மச்சான் வேலை இல்லாமல் இருந்ததை மறைத்தது சரியில்லை அக்கா. போகட்டும், இப்போது எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. நம் மேட்டுக் கல் என் மேசைக்கு வந்துவிட்டது.

மூக்காயி அக்காவுக்கு இப்படிச் சொல்லுங்கள். விமானத்தின் எஞ்சினுக்குள் எப்போதும் நெருப்புத்தான். அது அதன் இடத்தில் எரிகிற வரைக்கும் பயமில்லை. ஏதாவது ஒரு குழாய் வெடித்து எண்ணெய் வெளியே கொட்டித் தீப்பிடித்தால், அந்தத் தீ இறக்கைக்குள்ளும் போகக் கூடாது, ஆட்கள் இருக்கும் பக்கமும் வரக் கூடாது. அதற்காக நடுவில் ஒரு தடுப்பு வைக்கிறார்கள். சில இடத்தில் அது தகடு, சில இடத்தில் துணி மாதிரி. எங்கள் கம்பெனி செய்வது காக்காப்பொன்னை, இங்கே மைக்கா என்பார்கள், கூழாக்கித் தாள் போல வார்த்து, அடுக்கடுக்காக ஒட்டின தடுப்பு. விரலால் வளைக்கலாம், அவ்வளவு மெல்லிசு.

அது தாங்குமா என்று பார்ப்பதுதான் என் வேலை. தடுப்பை ஒரு சட்டத்தில் நிமிர்த்திக் கட்டுவோம். ஒரு பக்கத்திலிருந்து பெரிய அடுப்பின் சுவாலை அதன் மேல் நேராக அடிக்கும். பித்தளையைக் காட்டினால் தண்ணீராக ஓடும், அப்படிப்பட்ட சூடு. எஞ்சின் அதிர்கிற மாதிரி சட்டத்தையும் உலுக்கிக்கொண்டே இருப்போம். நான் மறு பக்கத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தடுப்பின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கால் மணி நேரம். அதற்குள் ஒரு பொட்டு நெருப்பு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலும் அந்தத் தடுப்பு ஆகாது. விமானி எண்ணெயை அடைத்து, விமானத்தை எங்காவது இறக்குவதற்குத்தான் அந்தக் கால் மணி நேரம். உள்ளே இருக்கிற சனங்களுக்கு அவ்வளவுதான் கிடைக்கும்.

முதல் நாள் அந்த அறையில் கதவுக்குக் கிட்டத்தான் நின்றேன். இப்போது பழகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்த முதுகு சிவக்கத் தொடங்கும்போது, தாங்கு, தாங்கு என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். சொல்வது தமிழில்தான்.

நம் கல்லில் வார்த்த தடுப்பைப் போன வாரம் சோதித்தோம். தாங்கியது. மேலதிகாரி என் முதுகில் தட்டி, எந்த ஊர்க் கல் என்று கேட்டார். என் ஊர் என்றேன். கம்பெனி தொடர்ந்து வாங்கப்போகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பெட்டியில் மாதிரிக்குக் கொஞ்சம் கல் விமானத்தில் முதலில் வரும். அது தேறினால் கப்பலில் வருகிற மூட்டைகளை எடுத்துக்கொள்வோம்.

மச்சானுக்கு ஒரு முக்கியமான விஷயம் வாசித்துக் காட்டுங்கள். வந்ததில் சில துண்டுகள் மேல் மண்ணோடு கிடந்த கல். வெயிலும் மழையும் பட்டுப் பட்டு அதற்குள் ஈரம் ஏறியிருக்கிறது. நெருப்பில் பிடித்தால் அரிசி பொரிகிற மாதிரி ஊதி, ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். அது வேண்டாம். இறுக்கமாக இருக்கிற ஆழத்துக் கல்தான் வேண்டும். எவ்வளவு ஆழத்தில் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது என்று மச்சானிடம் சொல்லுங்கள். அவர் கை பட்ட கல் உலகமெல்லாம் பறக்கும்.

சஜீவனிக்கு ஒரு சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அவளைக் கணக்குப் பாடத்தை விடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கையால் வளர்ந்த
றொனி


கொஸ்லந்த
14.12.2002

என் தம்பி றொனிக்கு,

நீ போனில் அழைத்த அன்று என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. நீ அழுதது மட்டும் கேட்டது. கடைக்காரர் போனைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார். என்ன நடந்தது என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நானே எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முந்தியே மழை பிடித்துக்கொண்டது. வெட்டிய குழியின் பக்கத்துக்கு மரம் கொடுத்திருந்தார்கள், ஆனால் மேலே பாதிக்குத்தான். கீழே வெட்ட வெட்ட மரம் வந்து சேரவில்லை. குமாரசிங்கம் ஐயா இரண்டு நாள் வேலையை நிறுத்தினார். அந்த மட்டும் அவர் செய்தார். பிறகு கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது, கல் குறைகிறது என்று கொழும்பிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். காலையில் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. உன் மச்சானும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

நான் போகவேண்டாம் என்றுதான் சொன்னேன். மேலேயே கொஞ்சம் கல் இருக்கிறதே, அதை எடுத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். "மேல் கல்லு நெருப்புல நிக்காதுன்னு மச்சினன் எழுதியிருக்கானே, நீதானே வாசிச்ச. அவன் பேரு கெட்டுப்போயிரும்" என்றார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குக் கிட்ட மண் சரிந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை தம்பி. கொட்டகைக்குள் இருந்த எங்களுக்குக் கல் மூட்டையை இழுத்துப் போடுகிற மாதிரித்தான் கேட்டது. மற்ற இரண்டு பேரும் ஏணியில் வந்துவிட்டார்கள். உன் மச்சான் கடைசி வாளியைக் கயிற்றில் மாட்டி விட்டிருக்கிறார். வாளி மேலே வந்தது. அவர் வரவில்லை.

கல் ஏற்ற வந்திருந்த மொஹிதீன் நானா லொறியை அப்படியே விட்டுவிட்டு முதலில் இறங்கினார். "தங்கச்சி, நீங்க இங்கிட்டு வராதீங்க, புள்ளயப் புடிச்சிக்கோங்க" என்று கத்தினார். லயத்து ஆம்பிளைகள் எல்லோரும் மலையை விட்டு ஓடி வந்து கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட ஈர மண் வழுக்கி உள்ளேயே விழுந்தது. நான் மேலே நின்றேன். அவர் என் காலடி மண்ணுக்குள் இருக்கிறார், எனக்கு எட்டவில்லை. ஜெபமும் வாயில் வரவில்லை.

எடுத்தபோது உயிர் இல்லை. லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சஜீவனி அழவில்லை. டாக்டரிடம் போய் நின்று, "எங்கப்பாவுக்கு எவ்வளவு நேரம் மூச்சு இருந்திருக்கும் டாக்டர்?" என்று கேட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். அதிலிருந்து அவள் என்னோடும் அதிகம் பேசுவதில்லை.

மழையோடுதான் அடக்கம் செய்தோம். பங்குச் சாமியார் குடையைப் பிடிக்க விடாமல் நனைந்துகொண்டே ஜெபம் சொன்னார். உன் பேரில் ஒரு மாலை போட்டோம்.

வர முடியவில்லையே என்று வருந்தாதே. லீவு கொடுக்காவிட்டால் நீ என்ன செய்வாய்? இரவில் தூங்கு. எதையும் யோசித்துக்கொண்டிருக்காதே. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்கா


கொஸ்லந்த
20.02.2003

அன்புத் தம்பி றொனிக்கு,

அக்கா எழுதும் இந்தக் கடிதத்தை யாரும் பக்கத்தில் இல்லாதபோது வாசி.

குழி திரும்பவும் நடக்கிறது. ஆனால் ஆழத்துக்கு இறங்க ஒருவரும் இல்லை. யாரை இறங்கச் சொல்ல முடியும்? மேட்டைச் சுற்றிலும் மேலாகச் சுரண்டி எடுக்கிறார்கள். நீ வேண்டாம் என்று எழுதின அதே கல். கத்தியை விட்டால் ஏடு உரியாமல் உதிர்கிறது. மூட்டை மூட்டையாகக் கட்டி அடுக்கியிருக்கிறார்கள். இந்த மாதம் கப்பலேறுகிறது.

நீ நினைப்பாய், மாதிரிப் பெட்டி முதலில் வருமே, அதிலேயே பிடிபட்டுவிடுமே என்று. பிடிபடாது தம்பி. உன் மச்சான் கடைசியாக மேலே அனுப்பிய கல் கொட்டகை மூலையில் ஒரு சாக்கில் கிடந்தது. அதைத் தொட எனக்குக் கை வரவில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். போன கிழமை ஐயா அந்தச் சாக்கைக் கொட்டிப் பிரிக்கச் சொன்னார். நான்தான் பிரித்தேன். நல்ல இறுக்கமான, தேன் போன்ற கல். அதை மட்டும் எடுத்து மாதிரிப் பெட்டியில் வைத்து ஆணி அடித்தார்கள். உன் மேசைக்கு வரப்போவது அந்தப் பெட்டி. கப்பலில் வருவது வேறு.

ஐயா என் காம்பிராவுக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "தங்கச்சி, நான் பிழையான மனுசன் இல்லை. இந்த முறை மட்டும்தான். மழை விட்டாப் பிறகு நல்லா மரம் குடுத்து ஆழத்துக் கல்லை எடுப்பம். இப்ப ஓடர் போச்செண்டால் இவ்வளவு சனமும் நடுத்தெருவிலதானே. உம்மட தம்பிக்கு ஒரு கடதாசி போட்டுவிடும், பெட்டி சரியெண்டால் மூட்டையைக் கிண்ட வேண்டாமெண்டு" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் மேலேயிருந்து நெருக்குகிறார்கள் என்று தெரிகிறது.

மறுநாள் மூக்காயி வந்தாள். அவள் வீட்டில் அவளும் மகனும் குழி வேலையில்தான் இருக்கிறார்கள். "ஒன் புருசன் போனது எங்களுக்கும் வயித்தெரிச்சல்தான் செபஸ்தி. ஆனா அந்தக் குழிய மூடிட்டா நாங்க எங்க போவோம்? தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் மச்சானை அடக்கம் செய்த கிழமை முழுக்க எங்களுக்குச் சோறு ஆக்கிக் கொண்டுவந்த கை அது.

அவர்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். இனி நான் சொல்கிறேன்.

மூட்டைகளைத் திற தம்பி. பெட்டியைப் பார்த்துவிட்டு விடாதே.

நான் இதைச் சும்மா சொல்லவில்லை. பல நாள் யோசித்தேன். சஜீவனி பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், எனக்கும் அந்தக் கொட்டகை வேலைதான் இருக்கிறது. ஆனால் உன் மச்சான் மண்ணுக்குள் கிடந்த நேரம் முழுக்க நான் மேலே நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் தாங்கு என்று மனசுக்குள் அவரைக் கெஞ்சினேன். நீயும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அதையே சொல்வதாக எழுதியிருந்தாய். ஒரு விமானம் எரியும்போது உள்ளே இருக்கிறவர்களுக்குக் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தை நாம் திருடலாமா? அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் கீழே நின்று காத்திருக்கிற ஒருத்தி இருப்பாள்.

உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நீ காட்டின கல் என்று உன்மேல் பழி வரலாம். அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உன் கண் எதைப் பார்க்கிறதோ அதையே சொல். மாதா உன்னோடு இருப்பாள்.

அக்கா செபஸ்தியம்மா


இங்கிலாந்து
02.06.2003

அன்பு அக்கா,

மாதிரிப் பெட்டி மார்ச்சில் வந்தது. உங்கள் கடிதம் அதற்கு இரண்டு நாள் பிந்தி வந்தது. பெட்டியை நான் ஏற்கெனவே திறந்திருந்தேன். நல்ல கல் என்று சந்தோஷப்பட்டேன். மழையிலும் இப்படி எடுத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். பிறகுதான் அது யாருடைய கல் என்று வாசித்தேன்.

அதில் வார்த்த தடுப்பைச் சோதிக்க வேண்டியதும் நான்தான். வேறு ஆளிடம் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. சுவாலையைத் திறந்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். முதுகு சிவந்தது, பிறகு வெள்ளையாக ஒளிர்ந்தது. கால் மணி நேரமும் ஒரு பொட்டு நெருப்பு வரவில்லை. அடுப்பை அணைத்த பிறகும் நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துக் கூட வேலை செய்கிறவன் வந்து தோளைத் தொட்டான். இதுவரை சோதித்ததில் இதுதான் நல்ல தடுப்பு என்று மேலதிகாரி எழுதி வைத்தார்.

மூட்டைகள் மே மாதம் வந்தன. அவற்றிலும் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றேன். பெட்டி தேறிவிட்டதே, எதற்கு நேரத்தைப் போக்குகிறாய் என்று மேலதிகாரி கேட்டார். இது என் ஊர்க் கல், அதனால்தான் கேட்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு, சரி என்றார்.

முதல் மூட்டையில் வார்த்தது சுவாலை பட்டதுமே ஊதத் தொடங்கியது. ஏடுகள் வாய் திறக்கிற மாதிரி விரிந்தன. உலுக்கலில் நடுவில் கிழிந்து நெருப்பு நேராகக் கண்ணாடிக்கு வந்தது. நான் பின்னால் துள்ளிவிட்டேன். இன்னும் நான்கு மூட்டைகளில் எடுத்துப் பார்த்தோம். ஒன்றும் நிற்கவில்லை. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கம்பெனி நம் ஊர்க் கல்லை இனி வாங்காது. குழிக்கு ஒழுங்காக மரம் கொடுத்து, ஆட்களுக்குப் பாதுகாப்புச் செய்து எடுத்தால் அந்தக் கல்லைப் போல வேறு இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தேன். அது எங்கள் வேலை அல்ல, வேறு நாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். என் வேலை போகவில்லை. பாராட்டினார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

லயத்தில் உங்களை என்ன சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் எழுதியது யாருக்கும் தெரிய வேண்டாம், நானே கண்டுபிடித்ததாக இருக்கட்டும்.

அக்கா, போன வருஷம் மே மாதம் ஆழத்துக் கல் கேட்டு நான் எழுதிய கடிதம் உங்களிடம் இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இந்த வேலை எனக்கு வேண்டாம். நத்தாருக்கு அங்கே வந்துவிடுகிறேன். பதுளையில் ஏதாவது பார்த்துக்கொண்டு உங்களோடும் பிள்ளையோடும் இருந்துவிடுகிறேன்.

றொனி


பதுளை
12.10.2003

அன்புத் தம்பி றொனிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். நானும் சஜீவனியும் பதுளைக்கு வந்துவிட்டோம். இங்கே கன்னியர் மடத்துக் குசினியில் சமையல் வேலை செய்கிறேன். பின்னால் ஒரு அறை தந்திருக்கிறார்கள். பிள்ளை இங்கிருந்தே பள்ளிக்கூடம் போகிறாள். இருவரும் உடம்புக்குச் சுகம்.

நீ மறைக்கச் சொன்னாய். மறைக்க முடியவில்லை. ஆடி மாதம் சேதி வந்ததும் குழியை மூடிவிட்டார்கள். மண் போட்டு மூடவில்லை, வேலையைத்தான் மூடினார்கள். மூக்காயி என் காம்பிரா வாசலில் வந்து நின்று, "நீ எழுதினியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமா" என்றேன். "பறக்குறவன் உசுரு உனக்குப் பெருசு. எங்க புள்ளைங்க வயிறு சிறுசாப் போச்சா?" என்றாள்.

அதன் பிறகு மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். ஒருநாள் பொழுது சாய்ந்த பிறகு கூரைத் தகரத்தில் கல் விழுந்தது. யார் எறிந்தது என்று நான் வெளியே வந்து பார்க்கவில்லை. பார்த்தால் முகம் தெரிந்துவிடும். தெரிந்தால் பிறகு மறக்க முடியாது. மொஹிதீன் நானாதான் விஷயம் கேள்விப்பட்டு லொறியோடு வந்து எங்கள் சாமானை ஏற்றினார். இங்கே இறக்கிவிட்டு, "தங்கச்சி, அன்னைக்கு அந்தக் குழிக்குள்ள எறங்கினவன் நான். நீங்க செஞ்சது எனக்கு வெளங்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குமாரசிங்கம் ஐயாவை ஒருநாள் பதுளை பஸ் நிலையத்தில் கண்டேன். தலை முழுக்க நரைத்துப்போயிற்று. என்னைக் கண்டும் காணாதவர் போல முதலில் நின்றார். பிறகு அவரே வந்து, பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். பசறை பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

மூக்காயியின் மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டானாம். போன இடத்திலிருந்து சேதி இல்லையாம். அவளுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். அவள் அறிந்தால் அதையும் வேண்டாம் என்பாள்.

உன் கடிதத்தைக் கிழிக்கச் சொன்னாய். அது சஜீவனியிடம் இருக்கிறது. கேட்டேன், தர மாட்டேன் என்கிறாள். விஞ்ஞானப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். "நெருப்பப் பத்தி மாமா எழுதினது இருக்கட்டும்மா. எனக்கு வேணும்" என்றாள். அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசி வெகு நாளாயிற்று, அதனால் விட்டுவிட்டேன். நீ அந்தச் சூட்டை எப்படி அளக்கிறாய் என்று அவளுக்கு எழுது. எனக்கு வேண்டாம், அவளுக்குத் தனியாக எழுது.

வேலையை விடுவதாக எழுதியிருக்கிறாய். விடக் கூடாது. நீ விட்டால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் வேறு ஒருவன் வந்து நிற்பான். அவனுக்கு இப்படியொரு அக்கா இருக்க மாட்டாள். பெட்டி சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிறவனாகவும் இருக்கலாம். நீ அங்கேயே நில். எந்த ஊர்க் கல்லாக இருந்தாலும், யார் அழுதுகொண்டு எழுதினாலும், சுவாலையைக் குறைக்காதே.

நத்தாருக்கு வருவதாகவும் எழுதியிருக்கிறாய். இந்த வருஷம் மழை அதிகம் என்கிறார்கள். பாதை எங்கேயும் சரிகிறது. மடத்து அறையும் சின்னது, நீ வந்தால் படுக்க இடம் இல்லை. பிள்ளைக்கும் பள்ளிக்கூடச் சோதனை வருகிறது.

இதெல்லாம் காரணம் இல்லை என்று நீ கண்டுபிடித்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறவன் நீ. அதனால்தான் தம்பி, இப்போது வர வேண்டாம் என்கிறேன். உன்னைக் கண்டால் நீ கேட்ட அந்த ஆழத்துக் கல்தான் எனக்கு முன்னால் வரும். எனக்குக் கொஞ்ச காலம் கொடு. என் முகம் சரியானதும் நானே கூப்பிடுகிறேன். நான் கூப்பிட்ட அன்றே புறப்பட்டு வா. ஒரு நாளும் பிந்தாதே.

நெருப்பு உன் பக்கம் வராமல் ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

உன் அக்காதான், என்றைக்கும்,
செபஸ்தியம்மா